எழ முடியாத நாற்காலி: பினாங்கில் ஒரு நிகழ்வு ஆய்வு

பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடியில் மகன் குடும்பத்தோடு இருக்கும் 73 வயது அம்மா ஒருவரைப் பற்றிய ஆய்வு இது. அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை தவறாமல் லெபு குயின் (குயின் தெரு) மகாமாரியம்மன் கோவிலுக்குப் போய் வந்தவர், ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார். அப்புறம் பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, போவதும் நின்றது. கடைசியில் கிளினிக் நாளில் மட்டும்தான் கீழே இறங்குவார் என்றாகிவிட்டது. கேட்டால், “கால் விடமாட்டேங்குது” என்பார். வயசாச்சு, மூட்டு தேஞ்சு போச்சு என்று வீட்டிலும் முடிவு கட்டிவிட்டார்கள். சக்கர நாற்காலி வாங்கலாமா என்று கேட்கத்தான் மகன் என்னைக் கூப்பிட்டார். முதியோருக்கான மறுவாழ்வுப் பயிற்சி என் தொழில்.

சக்கர நாற்காலி தேவைப்படவில்லை. அந்த அம்மாவால் நடக்க முடியும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழத்தான் முடியவில்லை. வெளியே போனால், தேவைப்படும்போது உட்கார இடமும் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்துதான் அவரை வீட்டுக்குள் அடைத்தன. வீட்டில் நாற்காலி இருக்கிறதா, தெருவில் பெஞ்சு இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறோம். அதிலிருந்து எழ முடியுமா என்று பார்ப்பவர்கள் குறைவு.

அஞ்சடியில் வாழ்ந்தவர்

கல்யாணமாகி வந்ததிலிருந்து நடுவயது வரை அவர் குடியிருந்தது ஜார்ஜ்டவுன் உள்நகரத்தில், ஒரு கடைவீட்டு மாடியில். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்தது. 1997இல் அதை ரத்துசெய்யச் சட்டம் வந்தது. 1999 முடிவோடு அந்தப் பாதுகாப்பும் போனது. வாடகை ஏறியதும் உள்நகரத்துக் குடும்பங்கள் பல வெளியேறின. இவர்களும் அப்படித்தான் அடுக்குமாடிக்கு வந்தார்கள்.

நோய்க்குறிப்பில் இந்தப் பழைய கதை எதற்கு என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. கடைவீடுகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் அஞ்சடி, மலாய்க்காரர்கள் காக்கி லீமா என்று சொல்வது, இவருடைய வரவேற்பறையாக இருந்தது. 1822இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்த ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ், தெருவின் இரு பக்கமும் வீடுகளுக்கு முன்னால் தொடர்ச்சியாக ஒரு மூடிய நடைவழி விட வேண்டும் என்று விதித்தார். அந்த அமைப்பு பினாங்கிலும் வேரூன்றியது. வெயில் மழை படாமல் நடக்க என்று விட்ட வழியில், நம்மவர்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். பக்கத்து லெபு பினாங்கில் செட்டியார்கள் கிட்டங்கியில், அதாவது தங்கள் வட்டித்தொழில் கூடத்தில், தரையில் பாய் விரித்து, சின்ன சாய்வு மேசையை முன்னால் வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே கொடுக்கல் வாங்கலை நடத்திய ஊர் அது. இந்த அம்மா சாயங்காலம் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து பூக்கட்டுவார். கோவிலுக்குக் கிளம்பினால் நாலு வாசல் தாண்டுவதற்குள் யாராவது “வா, உக்காரு” என்று நாற்காலியை இழுத்துப் போடுவார்கள்.

அப்போது அவர் தொடர்ச்சியாக நடந்த தூரமே குறைவு. அடுக்குமாடியில் நடைவழியில் நாற்காலி போட விடுவதில்லை. தீ விபத்து நேர்ந்தால் ஆட்கள் ஓடும் வழி அது என்பதால் அந்தத் தடை நியாயமானதுதான். ஆனால் அதற்குப் பதிலாக வேறு இடத்தில் ஓர் இருக்கை வர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டில் பார்த்தது

முதலில் அளவுநாடாவை எடுத்தேன். அம்மா குட்டையானவர். செருப்பில்லாமல் தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை 39 சென்டிமீட்டர். வரவேற்பறை சோபா பார்வைக்கு 40 இருந்தது. உட்கார்ந்தால் மெத்தை அமுங்கி 30க்கு இறங்கியது. அவருக்கு மிகவும் பிடித்த பிரம்பு சாய்வு நாற்காலி, உள்நகரத்து வீட்டிலிருந்து கூடவே வந்தது, முன்விளிம்பில் 36. பின்பக்கம் இன்னும் சரிந்து, உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிடக் கீழே போய்விடும். கழிவறைப் பீங்கான் 38, பிடிக்க எதுவுமில்லை. சாப்பாட்டு மேசை நாற்காலி 45, கைப்பிடி கிடையாது. கட்டில் மட்டும் பரவாயில்லை.

இருக்கை தாழத் தாழ, எழும்போது முழங்காலும் இடுப்பும் தூக்க வேண்டிய சுமை ஏறிக்கொண்டே போகும். நல்ல உயரத்தில் உட்கார்ந்தால் அந்தச் சுமை பாதிக்குப் பாதிகூடக் குறையலாம். கைப்பிடி இருந்தால் கையும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு: எழுவதற்கு முன் பாதத்தை முழங்காலுக்குப் பின்னால் இழுக்க வேண்டும். சோபாவின் முன்பக்கம் தரைவரை அடைத்திருந்தால் குதிகால் பின்னே போகாது. விலை உயர்ந்த சோபாக்கள் பலவும் இப்படித்தான் வருகின்றன. கடையில் இளம் தம்பதி உட்கார்ந்து பார்த்து வாங்குகிறார்கள். அதில் நாளெல்லாம் உட்காரப் போகிற ஆள் வீட்டில் இருக்கிறார்.

அம்மா அந்தப் பிரம்பு நாற்காலியில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு வரை எழுவதில்லை. “நல்லா ஓய்வா இருக்காங்க” என்றார் மகன். மருமகள் சொன்னது வேறு.

“அத்தை, வேணும்னா கூப்பிடுங்க, நான் தூக்கி விடுறேன்னு தினமும் சொல்றேன். கூப்பிடவே மாட்டாங்க.”

“நீ வேலை பாக்கிற பிள்ளை, வீட்லேயே கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்க. எத்தனை தடவைம்மா கூப்பிடறது?” என்றார் அம்மா.

அதன் பிறகு பேச்சு வாக்கில் வந்ததுதான் முக்கியம். தண்ணீர் குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும். போனால் எழுப்ப ஆள் வேண்டும், இரண்டு இடத்தில். அதனால் தண்ணீரையே குறைத்துவிட்டார். நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், இந்த வெக்கையில், காலையிலிருந்து ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொண்டிருந்தார். மலச்சிக்கல், மயக்கம், ஒரு முறை சிறுநீர்த் தொற்று என்று கிளினிக்கில் தனித்தனியாகக் காட்டியவை எல்லாம் ஒரு நாற்காலியின் உயரத்தில் வந்து சேர்ந்தன. எந்த மருத்துவரும் வீட்டு நாற்காலியைப் பார்க்கப் போவதில்லை, அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்களுக்கோ அது ஓய்வாகத் தெரிந்தது.

கால் பலத்தைப் பார்க்க 30 விநாடிச் சோதனை செய்தோம். 43 சென்டிமீட்டர் உயர நாற்காலியில், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, அரை நிமிடத்தில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ணுவது. 70 முதல் 74 வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் குறைந்தால் விழும் ஆபத்து உண்டு என்று கணக்கு. கையை ஊன்றித்தான் எழ முடியும் என்றால் மதிப்பெண் பூஜ்யம். அம்மாவுக்குப் பூஜ்யம்.

ஏன் உட்கார்ந்தே ஆக வேண்டும்

மூட்டுத் தேய்மானம் இருந்தது உண்மை. ஆனால் அவர் சொன்ன ஒரு விவரம் அதோடு பொருந்தவில்லை. நூறு மீட்டர் நடந்தால் இரண்டு தொடையும் கெண்டைக்காலும் கல் கட்டியதுபோல் கனத்து மரத்துப்போகும். உட்கார்ந்து கொஞ்சம் முன்னே குனிந்தால் சில நிமிடங்களில் விட்டுவிடும். பாசாரில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடந்தால் இன்னும் கொஞ்ச தூரம் போக முடிந்ததாம்.

முழங்கால் வலி இப்படி வராது. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருந்தாலும் நடக்கும்போது கால் வலிக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கு அதையும் சந்தேகப்பட வேண்டும். ஆனால் அந்த வலி நின்றாலே போதும், தணிந்துவிடும். உட்கார்ந்து குனிந்தால்தான் தீரும் என்றால் முதுகுத்தண்டைப் பார்க்க வேண்டும். வயதாக ஆக இடுப்புப் பகுதியில் நரம்பு போகும் பாதை குறுகுகிறது. நிமிர்ந்து நின்றால் இன்னும் நெருக்கும், குனிந்தால் கொஞ்சம் விரியும். மருத்துவரிடம் அனுப்பினோம். காலில் நாடித்துடிப்பு நன்றாக இருந்தது. ஸ்கேனில் தண்டுவடக் குழாய் குறுகியிருந்தது உறுதியானது. உடனே அறுவை தேவையில்லை, பயிற்சி செய்து பாருங்கள் என்றார்.

இனி உட்காருவது இவருக்குச் சோம்பல் இல்லை, மருந்து. ஆனால் அந்த மருந்து கிடைக்கிற இடமெல்லாம் தாழ்வாகவோ, பிடிமானம் இல்லாமலோ இருக்கிறது. உட்கார்ந்தால் எழ முடியாது, உட்காராவிட்டால் நடக்க முடியாது. இந்தப் பூட்டைக் குடும்பத்தார் புரிந்துகொண்ட நாளில் சக்கர நாற்காலிப் பேச்சு நின்றது.

கோவில் வழி

வழியை அம்மாவோடு சேர்ந்தே பார்த்தேன். அடுக்குமாடியிலிருந்து பேருந்து நிறுத்தம், பேருந்தில் பெங்காலான் வெல்ட் படகுத்துறை, அங்கிருந்து லெபு பாசார் வழியாக லெபு குயின். படகுத்துறையிலிருந்து கோவிலுக்கு ஏறக்குறைய அரை கிலோமீட்டர். நூறு மீட்டருக்கு ஒரு முறை உட்கார வேண்டியவருக்கு அது நான்கைந்து இருக்கை தூரம். பிரிட்டனின் போக்குவரத்துத் துறை வழிகாட்டி, ஆள் நடமாட்டம் அதிகமுள்ள பாதைகளில் 50 மீட்டருக்குள் ஓர் இருக்கை வேண்டும் என்கிறது. அதைப் படிக்கும்போது பெரும் ஆடம்பரம்போல் தெரியும். இவரோடு நடந்தால் தெரியாது.

வீட்டுப் பக்கப் பேருந்து நிறுத்தத்தில் சாய்ந்து நிற்க ஒரு கம்பி மட்டும் இருந்தது. முழங்கால் வலிக்காரருக்கு அது உதவலாம். இவருக்கு நிமிர்ந்து நிற்பதுதான் நோயே. வேறொரு நிறுத்தத்தில் உலோகப் பெஞ்சு; மத்தியான வெயிலில் கை வைக்க முடியாது. உட்காரும் இடத்துக்கு நிழலும் இருக்கையின் ஒரு பகுதிதான்.

படகுத்துறையில் உட்கார இடம் உண்டு. அதைத் தாண்டினால் தெருவில் பொது இருக்கை எதுவும் கண்ணில் படவில்லை. இந்தத் தெருக்கள் அடங்கிய லிட்டில் இந்தியா அஞ்சடியில் நிழல் இருக்கிறது, ஆனால் வழி இல்லை. சேலை மாட்டிய பொம்மைகள், எவர்சில்வர் பாத்திர அடுக்கு, மசாலா மூட்டை, மோட்டார் சைக்கிள். ஒவ்வொரு கடைவீட்டுக்காரரும் தங்கள் வாசல் தரையைத் தங்கள் இஷ்டத்துக்கு உயர்த்தியதால் பத்தடிக்கு ஒரு சின்னப் படி வேறு. 1974ஆம் ஆண்டுத் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் அஞ்சடியை அடைத்து வைப்பதைக் குற்றம் என்கிறது. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொது இடங்களைப் பயன்படுத்தும் உரிமையைச் சொல்கிறது. எல்லோருக்கும் பொருந்தும் வடிவமைப்புக்கு எம்எஸ் 1184 என்று மலேசியத் தரநிலையே இருக்கிறது. சட்டம் வழியைக் காப்பாற்றலாம். வழி முழுவதும் காலியானாலும் இந்த அம்மாவால் கோவில்வரை போக முடியாது. அவருக்கு வேண்டியது வழியில் ஓரிடத்தில் யாராவது வைத்த நாற்காலி. சட்டத்தின் கண்ணில் அதுவும் ஓர் அடைசல்தான் என்பது வேடிக்கை.

காப்பிக்கடையில் உட்காரலாமே என்றார் மகன். உட்காரலாம், காசு கொடுத்து. அம்மா தே ஓ (பாலில்லாத தேநீர்) ஒன்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். முதுகில்லாத பிளாஸ்டிக் ஸ்டூல், எழும்போது பின்னால் வழுக்கியது. மேசையில் கை ஊன்றினால் மேசை சாய்ந்தது. நான் பிடித்துக்கொண்டதால் ஒன்றும் ஆகவில்லை.

பொதுப் பெஞ்சுகளின் நடுவில் வைக்கும் கைப்பிடியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. வீடற்றவர்கள் படுக்கக் கூடாது என்றே பல ஊர்களில் அதை வைக்கிறார்கள், அந்த நோக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அதே கம்பி இவரைப் போன்றவர்களை எழுப்பிவிடுகிறது. பெஞ்சின் இரண்டு முனையில் மட்டும் கைப்பிடி வைத்தால் எழுகிறவரும் எழலாம், படுக்கிறவரும் படுக்கலாம். இது யாருக்கும் தெரியாத வித்தை இல்லை.

செய்தவை

வீட்டில் முதல் வேலை பிரம்பு நாற்காலி. அதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று குடும்பம் தயாராக இருந்தது, அம்மாவின் முகம் மாறியது. தச்சரைக் கூப்பிட்டு நான்கு காலுக்கும் குழிவான மரக்கட்டை செய்து பொருத்தினோம், பின்கால்களுக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாக. முன்விளிம்பு 43க்கு வந்தது, சரிவும் குறைந்தது. தொய்ந்த பிரம்பை இழுத்துக் கட்டி, முதுகுக்கு ஒரு தலையணை. 48 வைத்தால் எழுவது இன்னும் சுலபம்தானே என்று மகன் கேட்டார். சுலபம்தான், ஆனால் 39 சென்டிமீட்டர் காலுக்கு 48இல் பாதம் தரையைத் தொடாது. மணிக்கணக்கில் உட்காருகிறவருக்குத் தொடையின் அடியில் அழுத்தும், கால் வீங்கும். கால் வைக்க முக்காலி போட்டால் அதுவே தடுக்கும். சில நிமிடம் உட்காரும் தெருப் பெஞ்சுக்கு உயரம் கூடலாம். வீட்டு நாற்காலிக்கு அவரவர் கால்தான் அளவு. வெளிநாட்டு அளவை அப்படியே எடுத்துப் போடும்போது நம் பாட்டிமார் அந்தரத்தில் தொங்குகிறார்கள்.

சோபா மெத்தைக்கு அடியில் ஒட்டுப்பலகை. கழிவறைக்கு உயர்த்தும் இருக்கையும் சுவரில் பிடிகம்பியும். சுவர் எடை தாங்கும் என்று உறுதி செய்த பிறகே கம்பியைப் பொருத்தினோம். பிளாஸ்டிக் நாற்காலியைக் குளியலறையில் போடும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னேன், ஈரத் தரையில் அதன் கால் விரிந்துவிடும்.

அப்புறம் பயிற்சி. முன்னே நகர்ந்து உட்கார், குதிகாலைப் பின்னே இழு, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை குனி, இப்போது எழு. பலரும் நெட்டுக்குத்தாக எழப் பார்த்துத்தான் பின்னால் விழுகிறார்கள். உயர்த்திய நாற்காலியில் கை ஊன்றித் தொடங்கி, மெல்லக் கையைக் குறைத்தோம். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்பும் செய்யச் சொன்னேன். தனியாக நேரம் ஒதுக்கச் சொன்னால் யாரும் செய்வதில்லை.

வெளியே போக, உட்காரும் பலகை வைத்த நான்கு சக்கரத் தள்ளுநடையைப் பார்த்தோம். தண்டுவடக் குழாய் குறுகியவருக்கு அது அருமையான கருவி, குனிந்து நடக்கலாம், வேண்டும்போது பிரேக்கைப் பூட்டி உட்காரலாம். அடுக்குமாடிக் கீழ்த்தளத்திலும் ஆயர் ஈத்தாம் பாசாரிலும் அது நன்றாக ஓடியது. லெபு பாசார் அஞ்சடியில் படிக்குப் படி தூக்க வேண்டியிருந்தது, தெருவில் இறக்கினால் வண்டிகள். விரித்தால் இருக்கையாகும் கைத்தடியை மருமகள் இணையத்தில் வாங்கியிருந்தார். அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றேன். இருக்கை ஒரு கையளவு, ஆடும், கைப்பிடி கிடையாது.

கோவில் வழிக்கு அம்மாவே தீர்வு கண்டார். பழைய தெருதானே, பழகியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மசாலாக் கடைக்காரர் ஒருவர் வாசலை அடைக்காமல் தூண் ஓரமாக ஒரு கைப்பிடி நாற்காலி போட்டு வைக்கச் சம்மதித்தார். இன்னொரு கடைக்காரர், “அக்கா, வாசல்ல ஆள் உக்காந்தா வாடிக்கை உள்ள வராது” என்று நேராகவே சொல்லிவிட்டார். அதிலும் தப்பில்லை, அவர் கடை. கோவிலுக்கு முன்னால் பூ விற்கும் அம்மா கடைப்பலகைக்குப் பின்னால் இடம் கொடுத்தார், கூடவே தொடுக்க ஒரு கூடை மல்லிகையும். கோவிலுக்குள் முதியவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலிகளில் கைப்பிடி உள்ளவை சில இருந்தன. அதில் ஒன்று போதும்.

தைப்பூசத்தின்போது தண்ணீர்மலை முருகன் கோவில் வரை வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தலும் நாற்காலியுமாக இருக்கும், அந்த நாட்களில் இவரைப் போன்றவர்கள் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று பாருங்கள். பக்திதான் நடக்க வைக்கிறது என்பார்கள். பக்தியோடு நாற்காலியும் இருக்கிறது.

விளைவு

மூன்று மாதம் கழித்து அதே சோதனையில், கை ஊன்றாமல் அரை நிமிடத்தில் ஏழு முறை எழுந்தார். பத்துக்கு இன்னும் குறைவுதான், விழும் ஆபத்து நீங்கிவிட்டது என்று நான் எழுதவில்லை. தண்ணீர் குடிப்பது கூடியது, மலச்சிக்கல் குறைந்தது. தொடர்ந்து நடக்கும் தூரம் அதிகம் மாறவில்லை, தண்டுவடக் குழாய் குறுகியது குறுகியதுதான். ஆனால் உட்கார்ந்து எழுந்து போகும் மொத்தத் தூரம் கூடியது. மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமையாவது கோவிலுக்குப் போகிறார், போகும்போது மகன் படகுத்துறைவரை காரில் விடுகிறார், திரும்புவது பேருந்தில்.

தீராதவையும் உண்டு. மசாலாக் கடை மூடியிருக்கும் நாளில் அந்த வழி அவருக்கு இல்லை. ஒருவருடைய நல்ல மனசில் நிற்கும் ஏற்பாடு அவ்வளவுதான் தாங்கும். அடுக்குமாடிக் குடியிருப்போர் கூட்டத்தில், நடைவழிக்குப் பதிலாகக் கீழ்த்தள லிஃப்ட் முன்னால் சுவரோடு பொருத்திய ஒரு பெஞ்சு கேட்டு மருமகள் பேசினார். அங்கே இளைஞர்கள் உட்கார்ந்து சிகரெட் பிடிப்பார்கள் என்று எதிர்ப்பு வந்தது, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். நிறுத்தத்தில் சாய்வுக் கம்பிக்குப் பதில் கைப்பிடி வைத்த இருக்கை வேண்டும் என்று எழுதிய மனுவுக்குப் பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்திருக்கிறது. அதுவரை, வீட்டிலிருந்து பேருந்தில் எங்காவது போவதென்றால், அது வரும் நேரத்தைக் கைப்பேசியில் பார்த்து, வண்டி பக்கத்தில் வந்த பிறகே அம்மாவைக் கீழே இறக்குகிறார்கள்.